சுழலாத தட்டு

சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையோர ஊர்களில் கொஞ்சம் வயதான அச்சகம் எதற்குள் போனாலும் பின்னறையில் மஞ்சள் பூத்த ஒரு சீபியு கிடக்க வாய்ப்புண்டு. முன்மேசையில் புது மெஷின் ஓடும். பழையதைத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். யாராவது வந்து, "காக்கா, இருபது வருசத்துக்கு முதல் எங்கட பள்ளிக்கு ஒரு மலர் அடிச்சீங்களே, அதுட ஃபைல் இரிக்கா?" என்று கேட்கும்போதுதான் அந்தத் துணி விலகும். சுவிட்சைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க் சுழலுமா, சுழலாதா என்று எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கோப்பைப் புது மெஷினில் திறந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் முடியாது. அந்தக் காலத்து வேலை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது, எழுத்து பாமினி. பாமினி தமிழ் எழுத்துருதான். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் என்று கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்துச் செய்த ஏற்பாடு அது. திரையில் ‘தமிழ்’ என்று தெரிகிற சொல், டிஸ்க்கில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகக் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் கண்ணில் படும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. அது நம்மூர் அச்சக மேசைக்கு வந்து சேர்வதற்குள் பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த இடைக்காலத்தில் பாடசாலை மலர்கள், சின்னக் கவிதைத் தொகுதிகள், பள்ளிவாசல் அறிக்கைகள், நிக்காஹ் அழைப்பிதழ்கள், ஜனாஸா அறிவித்தல்கள், சுனாமிக்குப் பிறகு வீடு கேட்டும் நிவாரணம் கேட்டும் எழுதிய கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் தட்டச்சாயின. அவற்றைப் பழைய வடிவத்தில், வரி பிசகாமல், திறக்கத் தெரிந்தது அந்தப் பழைய மெஷினுக்குத்தான். அதனால் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதற்குள் முதலில் கைவிடுவது ஹார்ட் டிஸ்க். புரொசசரில் அசைகிற பாகம் எதுவும் இல்லை. 25 வருடம் கழித்தும் சலிக்காமல் கணக்குப் போடும். ஹார்ட் டிஸ்க்கின் கதை வேறு. அதன் தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. மூன்றரை அங்குல டிஸ்க்கின் தட்டு விளிம்பில் அந்த வேகம் மணிக்கு 90 கிலோமீற்றருக்கும் மேல். தட்டு இழுத்துக்கொண்டு போகும் காற்றுப் படலத்தின் மேல் வாசிக்கும் முனை மிதக்கிறது. 1990களின் பிற்பகுதியில் வந்த டிஸ்க்குகளில் முனைக்கும் தட்டுக்கும் இடையில் இருந்த இடைவெளி 100 நனோமீற்றரிலும் குறைவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு கூட இல்லை. இந்த இடைவெளியில் வருடக்கணக்காக ஒரு இயந்திரம் பறந்துகொண்டே இருந்தது என்பதை நினைக்கும்போது, அது பழுதாவதைவிட இத்தனை காலம் பழுதாகாமல் இருந்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

முனை மிதக்கக் காற்று வேண்டும் என்பதால் டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதற்கு உள்ளே ஒரு வடிகட்டி. வடிகட்டி தூசியைத் தடுக்கும். ஈரத்தை முழுதாகத் தடுக்காது. கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான். வெளியே திறந்து கிடக்கும் சர்க்கிட் போர்டின் பின்களையும் பற்றுகளையும் உப்புக்காற்று மெல்ல மெல்ல அரிக்கும். கூடவே கரண்ட் கட். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு மின்சாரம் திடீரென்று நின்றால் முனை தட்டில் விழுந்து உரசிவிடும். அதைத் தவிர்க்கப் பொறியியலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். சுழல்கிற மோட்டரே அந்த நொடியில் டைனமோவாக மாறி, தன் சுழற்சியில் மிஞ்சியிருக்கும் சக்தியைக் கொண்டு முனையைப் பாதுகாப்பான ஓரத்துக்கு இழுத்துவிடும். சாகிற நேரத்திலும் தட்டைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. ஆனாலும் அந்தக் காலத்து டிஸ்க் பலவற்றில் முனை தட்டின் மேல்தான் இறங்கி ஓய்வெடுத்தது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் வழவழப்பான இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணி போர்த்தி ஒரு வருடம் வைத்த மெஷின் ‘டிக்’ என்று முனகிவிட்டு நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு விடயத்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும். டிஸ்க் செத்தது என்று நாம் சொல்லும்போது செத்தது பெரும்பாலும் மோட்டர், முனை அல்லது சர்க்கிட். தட்டில் பதிந்த காந்தம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதில் இருந்த ஒரு சீகேட் டிஸ்க் எரிந்து, உருகி, பிளாஸ்டிக் பாகங்கள் இல்லாமல் தரையில் கிடைத்தது. அதன் கொள்ளளவு வெறும் 340 மெகாபைட். செனன் வாயு பற்றிய ஒரு பரிசோதனையின் தரவு அதில் இருந்தது. குரோல் ஆன்ட்ராக் என்ற நிறுவனம் தட்டுகளைக் கழற்றித் துடைத்து, வேறு டிஸ்க் உடலுக்குள் வைத்து, 99 சதவீதத்தை மீட்டது. அந்த ஆய்வு 2008இல் ஓர் இயற்பியல் சஞ்சிகையில் வெளியானது. வானத்திலிருந்து விழுந்த தட்டே பேசியிருக்கிறது என்றால், நம்மூர் அலுமாரிக்குள் கிடப்பதைச் செத்ததென்று தூக்கிப் போட அவசரப்படத் தேவையில்லை.

பழைய மெஷினைத் தொடர்ந்து ஓட்ட, அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வைக்கப்போவது பிளாஷ் நினைவகம். அதன் வேர் 1967இல் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டவொன் காங், சைமன் சீ என்ற இருவர், நான்கு பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு கடத்தித் துண்டில் மின்னேற்றத்தை அடைத்து வைக்கலாம் என்று காட்டினார்கள். ஜப்பானில் டொஷிபாவில் வேலை செய்த புஜியோ மசுவோகா அந்தக் கருத்தை வளர்த்து, 1984இல் பிளாஷ் நினைவகத்தையும் 1987இல் அதன் நேண்ட் வகையையும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று உங்கள் கைபேசியில் படம் சேர்ந்திருப்பது அந்த நேண்டில்தான்.

அது வேலை செய்கிற விதம் சாதாரண அறிவுக்குப் பிடிபடாதது. சிலிக்கனுக்கும் அந்தச் சிறு துண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 10 நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுச் சுவர். அதை இலத்திரன் தாண்டக் கூடாது. தாண்டத் தேவையான சக்தியும் அதனிடம் இல்லை. ஆனால் உயர்ந்த வோல்ற்றளவு கொடுத்தால், சுவரை ஏறிக் கடக்காமலேயே சில இலத்திரன்கள் மறுபக்கத்தில் காணப்படும். குவாண்டம் இயற்பியல் இதைச் சுரங்க விளைவு என்கிறது. வோல்ற்றளவை எடுத்துவிட்டால் போன இலத்திரன்கள் திரும்பி வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மின்சாரம் நின்றாலும் இருக்கும், ஆண்டுக்கணக்கில் இருக்கும். உள்ளே இலத்திரன் உண்டா, இல்லையா என்பதைக் கொண்டு 0, 1 படிக்கப்படுகிறது. சுழலவும் பறக்கவும் அதில் ஒன்றும் இல்லை.

சரி, 1990களில் செய்த கணினி இதை எப்படி ஏற்றுக்கொள்கிறது? அந்த மதர்போர்டைச் செய்தவர்கள் இப்படி ஒரு பொருள் தங்கள் கேபிளில் தொங்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்த விடயத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

1980களின் நடுப்பகுதி வரை டிஸ்க்கை இயக்குகிற மூளை கணினிக்குள் தனிப் போர்டாக இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலும் கொம்பாக்கும் சேர்ந்து அந்த மூளையை டிஸ்க்கின் முதுகிலேயே பொருத்திவிட்டன. ஐடிஈ என்று நாம் சொல்லும் 40 பின் இணைப்பு அப்படிப் பிறந்தது. அதிலிருந்து கணினிக்கு டிஸ்க்கின் உள்விவகாரம் தெரிய வேண்டியதில்லை. கேள்வி கேட்கும், பதில் வாங்கும், அவ்வளவுதான். மெஷின் எழும்பியதும் கேபிள் வழியாகப் போகும் கேள்விகளில் ஒன்று, நீ யார் என்பது. மறுமுனையிலிருந்து 512 பைட் பதில் வரும். அதில் டிஸ்க்கின் பெயர், தொடர் இலக்கம், எத்தனை சிலிண்டர், எத்தனை முனை, ஒரு தடத்தில் எத்தனை செக்டர் என்ற விபரம் இருக்கும். பிறகு கணினி ஒவ்வொரு தரவையும் சிலிண்டர், முனை, செக்டர் என்ற மூன்று எண்ணைச் சொல்லித்தான் கேட்கும். வீதி, குறுக்குத்தெரு, வீட்டு இலக்கம் என்று தபால்காரருக்கு முகவரி எழுதுகிற மாதிரி.

பிளாஷில் சிலிண்டரும் இல்லை, முனையும் இல்லை. ஆனாலும் அது தயங்காமல், எனக்கு 16 முனை, தடத்துக்கு 63 செக்டர் என்று பதில் சொல்லும். கணினியும் நம்பிக்கொள்ளும். இது ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். உண்மையான ஹார்ட் டிஸ்க்கும் அதே பதிலைத்தான் சொல்லி வந்தது. 16 முனை என்று சொன்ன டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் இரண்டு தட்டும் நான்கு முனையும்தான் இருக்கும். தட்டின் வெளித்தடம் நீளமானது, உள்தடம் குட்டையானது. அதனால் வெளியே கூடுதலான செக்டர்களை அடுக்கினார்கள். எல்லாத் தடத்திலும் 63 என்பது அப்போதே பொருந்தாத கணக்கு. டிஸ்க்கின் முதுகில் இருந்த சிப், கேட்ட முகவரியை உண்மையான இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. பிளாஷ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து அதே வேலையைத் தொடர்கிறது.

இந்த முகவரி முறைதான் பழைய மெஷின்களில் நமக்குத் தலையிடியும் தரும். மெஷினை எழுப்பும் உள் மென்பொருளான பயோஸ் சிலிண்டருக்கு 1,024, முனைக்கு 256, செக்டருக்கு 63 வரைதான் எண்ணும். ஐடிஈ இணைப்போ சிலிண்டரை 65,536 வரை எண்ணும். முனையை 16க்கு மேல் எண்ணாது. இரண்டும் தனித்தனியே தாராளமானவை. சேர்த்து வைத்தால் ஒவ்வொன்றிலும் சின்ன எண்தான் செல்லும்: 1,024, 16, 63. அவற்றைப் பெருக்கி 512 பைட்டால் மீண்டும் பெருக்கினால் 528 மில்லியன் பைட். 1990களின் தொடக்கத்து மெஷின்கள் பல இந்தச் சுவரில் முட்டி நின்றதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். பிறகு வந்த பயோஸ்கள் 8.4 ஜிகாபைட் வரை போயின. அதற்கும் பிறகு வந்தவை இன்னும் மேலே போயின. ஆகவே பழைய மெஷினுக்குப் பெரிய பிளாஷ் கார்ட் வாங்கிப் போடுவது வீண். பழைய டிஸ்க்கைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தால் போதும்.

கார்ட்களில் எதை எடுப்பது? பழைய கெமராக்களில் போட்ட கொம்பக்ட் பிளாஷ் கார்ட் நினைவிருக்கலாம். சான்டிஸ்க் 1994இல் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர்கள் ஐடிஈ மொழியைக் கார்ட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதனால் அடாப்டர் என்று விற்கிற சிறு போர்டில் மொழிபெயர்க்கிற சிப் எதுவும் தேவையில்லை. 50 பின்னை 40 பின்னோடு இணைக்கிற கம்பித்தடங்கள் போதும். எஸ்டி கார்ட்டின் மொழி வேறு. அதற்கு இடையில் ஒரு சிப் இருந்தாக வேண்டும். அதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் 95, 98 ஓடும் மெஷினுக்கு நான் முதலில் சொல்வது கொம்பக்ட் பிளாஷைத்தான். அதிலும் தொழிற்சாலைப் பாவனைக்கென்று வரும் வகை நல்லது. சாதாரணக் கார்ட்கள் சில தம்மைக் கழற்றக்கூடிய பொருள் என்று அறிவித்துக்கொள்ளும். அதில் விண்டோஸ் சில வேளை முரண்டு பிடிக்கும்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முழுக் கட்டுரையிலும் இதுதான் முக்கியம். பழைய டிஸ்க்கை அடிக்கடி போட்டுப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் அதன் கடைசி முயற்சியாக இருக்கலாம். ஒருமுறை சுழன்றால் அந்த ஓட்டத்திலேயே டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அப்படியே ஒரு பிரதிக் கோப்பாக எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஈயை யூஎஸ்பியாக்கும் கேபிளில் மாட்டி, லினக்ஸ் ஓடும் கணினியில் கொடுங்கள். விண்டோஸ் ஒரு டிஸ்க்கைக் கண்டதும் தானாக அதில் எதையாவது எழுதப் பார்க்கும். பழுதான இடத்தை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். இரண்டுமே சாகப்போகிற டிஸ்க்குக்கு ஆகாது. லினக்ஸில் ‘டிடிரெஸ்கியூ’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. முதல் சுற்றில் இலகுவாக வாசிக்கக்கூடிய எல்லாவற்றையும் அள்ளிவிடும். பழுதான இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போகும். எங்கெங்கே விட்டது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கும். நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பிலிருந்து தொடரலாம்.

டிஸ்க்கின் மூடியைத் திறக்காதீர்கள். நமது வீட்டுக் காற்றில் மிதக்கும் ஒரு தூசியே முனைக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளியைப் போலப் பல மடங்கு பெரியது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் டிஸ்க் பிழைக்கும் என்று சொல்வார்கள். நம் கரையோர ஈரக்காற்றில் குளிர்ந்த தட்டை வெளியே எடுத்த உடனேயே அதன் மேல் நீர் பனிக்கும். அந்த வைத்தியம் வேண்டாம்.

பிரதி கையில் வந்த பிறகு மற்றது சின்ன வேலை. பிரதிக் கோப்பைக் கார்ட்டில் எழுதி, கார்ட்டை அடாப்டரில் செருகுங்கள். தட்டையான சாம்பல் நிறக் கேபிளின் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது முதலாம் பின்னின் பக்கம். இணைப்பியில் 20ஆவது பின் பெரும்பாலும் இருக்காது. தலைகீழாக மாட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. மலிவான அடாப்டர்களில் அந்தப் பின்னும் நிற்கும், கேபிளில் அந்தத் துளை அடைத்திருக்கும். முட்டினால் வலிந்து அமுக்காமல் பாருங்கள். ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்டப் பற்றரியையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் பயோஸ் டிஸ்க்கின் கணக்கை மறந்துவிடும். நல்ல கார்ட்டையே பழுது என்று நினைக்க வைக்கும். இன்னும் பழைய மெஷின்களில் பற்றரி கசிந்து போர்டையே அரித்திருக்கும்.

போட்டதும் வித்தியாசம் தெரியும். பழைய டிஸ்க்கில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு முனை போய்ச் சேர ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். பிறகு வேண்டிய செக்டர் சுழன்று வரச் சராசரியாக ஐந்தரை மில்லிசெக்கன். விண்டோஸ் எழும்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல். கார்ட்டில் தேடலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பழைய கேபிளின் வேகம் அப்படியே இருந்தும் மெஷின் சுறுசுறுப்பாகிவிடும்.

இது ஏழை அச்சகத்தின் ஒட்டுவேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அணுவாயுதப் படைக்குக் கட்டளை அனுப்பும் முறைமை ஒன்று 1970களின் ஐபிஎம் சீரிஸ் 1 கணினியில், எட்டு அங்குல பிளொப்பி டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருப்பதாக 2016இல் அந்நாட்டு அரசின் கணக்காய்வு அறிக்கை சொன்னது. 2019இல் அந்த பிளொப்பிகளை எடுத்துவிட்டுத் திடநிலைச் சேமிப்பை வைத்தார்கள். கணினி பழையதாகவே இருந்தது. நாம் செய்யச் சொல்வதும் அதேதான்.

கார்ட்டுக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு அழிப்பிலும் அந்த ஒட்சைட்டுச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. பழைய ஒற்றை பிட் வகை ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை தாங்கும். மலிவான வகைகள் சில ஆயிரம்தான். தேய்வு ஓரிடத்தில் சேராமல் கார்ட்டின் உள்ளிருக்கும் சிப் எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைக்கும். ஆனாலும் விண்டோஸ் 98 நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் ஓயாமல் எழுதும் பழக்கம் உள்ளது. மெஷின் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ராம் கூட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது. அடைபட்ட இலத்திரன்கள் என்றென்றைக்கும் அடைபட்டே இருக்க மாட்டா. மெல்லக் கசியும். சூடு கூடினால் கூடுதலாகக் கசியும். திடநிலை டிஸ்க்குகளுக்கான சர்வதேசத் தரம், வீட்டுப் பாவனைக்குரியது தன் எழுத்து ஆயுளை முடித்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. புதிய கார்ட் அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனால் 30 பாகை என்பது நமக்கு நிழலின் சூடு. ஆகவே கார்ட் மெஷினை ஓட்டுவதற்கு. ஆவணத்தைக் காப்பதற்கு அதை நம்பக் கூடாது. பிரதிக் கோப்பை வேறு வேறு ஊர்களில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஒரே வீட்டில், ஒரே கரையில் எல்லாவற்றையும் வைப்பது என்ன ஆபத்து என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கார்ட்டில் எழும்பிய பழைய மெஷினில் உட்கார்ந்து, பாமினியில் கிடக்கும் எழுத்தை வெளியே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றலாம். மாற்றிக்கொடுக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் தாராளமாக உண்டு. மாற்றியதில் அறபுச் சொற்களும் பெயர்களும் சிதைந்திருக்கின்றனவா என்று பழைய திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்க வடிவத்தையும் அதே மெஷினிலேயே பீடிஎஃப் ஆக்கிவிடலாம். 2005இலிருந்து ஈழத்து எழுத்தை இணையத்தில் சேர்த்து வரும் நூலகம் போன்ற இடங்களுக்கு அதில் ஒரு பிரதி போகட்டும்.

அச்சகக்காரர்களிடமும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடமும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வரும்போது சீபியுவை முழுதாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு ஆணியைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் தனியாக வந்துவிடும். அதன் மேல் எந்த வருடம், யாருடைய வேலை என்று எழுதி, ஈரம் புகாத பையில் போட்டு வையுங்கள். பிரதி எடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் ஊரிலேயே, ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ பக்கத்து வீட்டிலோ, இருக்கும். இந்த வருடமே கூப்பிடுங்கள்.